ஒரு கல்லூரி எங்கள் ஊராட்சியோடு சேர்ந்து ஆய்வு செய்யக் கேட்கிறது: கையெழுத்துப் போடும் முன் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி: ஊராட்சித் தலைவர் (முதல் முறை)

வணக்கம். தமிழ்நாட்டில் தென் மாவட்டம் ஒன்றில் கிராம ஊராட்சித் தலைவராக இருக்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் தேர்தலில் நின்றதில்லை.

போன வாரம் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கும் மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் ஐந்து ஊர்களை எடுக்கிறார்களாம், அதில் எங்கள் ஊரையும் சேர்க்க விரும்புகிறார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று மூன்று பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடு வீடாகக் கணக்கெடுப்பு, விழிப்புணர்வு முகாம், கடைசியில் கிராம வளர்ச்சித் திட்டம் என்று ஓர் அறிக்கை. இவ்வளவும் அதில் இருக்கிறது. வந்த இருவரும் பொறுமையாகப் பேசினார்கள், நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள்.

ஆனாலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வேறொரு கல்லூரி இதேபோல வந்து போயிருக்கிறது. கழிப்பறை இருக்கிறதா, கடன் எவ்வளவு, வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்றுகூடக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்களாம். அறிக்கை ஊராட்சிக்கு வரவே இல்லை. அலுவலகப் பீரோவைத் துழாவிப் பார்த்துவிட்டேன், ஒரு தாள் கிடையாது. இப்போது மறுபடி பிள்ளைகளை அனுப்பினால் எங்கள் ஜனங்கள் கதவைத் திறப்பார்களா? திறந்தாலும், நாளைக்கு “என்னம்மா ஆச்சு?” என்று அவர்கள் கேட்கப் போவது என்னைத்தான்.

வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. எங்களுக்கு உண்மையிலேயே ஆள் வேண்டும். செயலர் ஒருவர், டேங்க் ஆபரேட்டர்கள், தூய்மைக் காவலர்கள், அவ்வளவுதான் அலுவலகம். ஒன்றியப் பொறியாளருக்கு எங்களைப் போல எத்தனையோ ஊராட்சிகள். ஒவ்வொரு கிராம சபையிலும் “புது போர் போடுங்கள்” என்ற கோரிக்கைதான் முதலில் வருகிறது. போட்டால் தண்ணீர் இருக்குமா, இருக்கிற தண்ணீரே சரியாகப் பிரிகிறதா என்று கணக்குப் பார்த்துச் சொல்ல எங்களிடம் யாரும் இல்லை.

கையெழுத்துப் போடலாமா? போட்டால் என்ன நிபந்தனை வைக்க வேண்டும்? வார்டு உறுப்பினர் ஒருவர், நாலு கம்ப்யூட்டர் கேட்டு வாங்கலாம் என்கிறார். அது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஊராட்சி செயலர், வட மாவட்டம்

தலைவர் அம்மாவுக்கு வணக்கம். அலுவலக நடைமுறையை மட்டும் நான் சொல்கிறேன்.

தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஊராட்சி மன்றக் கூட்டத்தில் பொருளாக வைத்துத் தீர்மானம் போட்டு, அந்தத் தீர்மான எண்ணை ஒப்பந்தத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். பின்னால் ஒன்றியத்தில் ஏதாவது கேள்வி வந்தால் அந்த நகல் உங்களைக் காக்கும். காலம் ஒரு வருடம் என்று போடுங்கள், பிடித்திருந்தால் நீட்டிக்கலாம். ஊராட்சி நிதியிலிருந்து எந்தச் செலவும் இல்லை என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். சாப்பாடு, வேன், பேனர் என்று பிறகு நம் பக்கம் வந்து நிற்கும்.

துணைத் தலைவரை முதல் பேச்சிலேயே உட்கார வையுங்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் கொடுக்க உங்கள் கையெழுத்தோடு அவர் கையெழுத்தும் வேண்டும். ஆய்வு முடிந்து ஒரு வால்வு வாங்கவேண்டி வந்தாலும் “எனக்கு எதுவும் தெரியாதே” என்று அவர் சொல்லும்படி ஆகக்கூடாது.

பதில் 2: களப்பணி ஆசிரியை

தலைவருக்கு வணக்கம். கலைக் கல்லூரி ஒன்றில் சமூகப்பணித் துறையில் பாடம் நடத்துகிறேன். மாணவர்களை ஊராட்சிகளுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் என் வேலையில் பாதி. உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நீங்கள் கேட்பதைத்தான் எல்லாத் தலைவர்களும் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

கம்ப்யூட்டர் வேண்டாம். கம்ப்யூட்டர் கேட்டால் கம்ப்யூட்டர் வரும், திறப்பு விழாவோடு கல்லூரியின் கடமையும் முடிந்துவிடும். உங்களிடம் அதைவிடப் பெரிய பொருள் இருக்கிறது. “புது போர் வேண்டுமா, இருக்கிற தண்ணீரே சரியாகப் பிரிகிறதா?” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் ஆய்வுக் கேள்வி. அந்த ஒரு வரியை எழுதி ஒப்பந்தத்தின் முதல் பத்தியாக வைக்கச் சொல்லுங்கள். கல்லூரி தன் படிவத்தையும் நிரப்பிக்கொள்ளட்டும், அவர்கள் திட்டத்துக்கு அது வேண்டும், தப்பில்லை. ஆனால் ஊராட்சியின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை என்று இருக்க வேண்டும்.

இப்படி ஒரு கேள்வியை மாணவர்கள் எப்படி எடுத்துச் செய்வார்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அப்போதுதான் பேராசிரியர்களிடம் என்ன கேட்பது என்று உங்களுக்குப் பிடிபடும்.

முதலில் குழாய்ப்பாதையின் வரைபடம். பெரும்பாலான ஊர்களில் அது தாளில் இருக்காது, டேங்க் ஆபரேட்டரின் மனதில்தான் இருக்கும். எந்த மூலையில் வால்வு புதைந்திருக்கிறது, எந்தத் தெருவுக்கு எத்தனை அங்குலக் குழாய், எங்கே கசிகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் அவரோடு போய்விடும். ஆகவே மாணவர்கள் அவர் பின்னால் நடந்து, கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வரைபடத்தின் நகலில் ஒவ்வொரு வால்வையும் குறிக்க வேண்டும். வரைபடத்தின் அடியில் அவர் பெயரும் வர வேண்டும். பெயர் வரும் என்று தெரிந்தால் அவரே இன்னும் நாலு இடம் காட்டுவார்.

அடுத்தது அளவு. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 15 லிட்டர் பிடிக்கும் ஒரு குடம், ஒரு கைபேசி. தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு குழாயடியில் ஒரு மாணவர் உட்கார்ந்து, குடம் நிறைய எத்தனை வினாடி என்று குறிக்க வேண்டும். ஓர் உதாரணம் பாருங்கள். தொட்டியை ஒட்டிய தெருவில் 50 வினாடியில் நிறைகிறது, கடைசித் தெருவில் அதே குடத்துக்கு 4 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் தெருவில் நிமிடத்துக்கு 18 லிட்டர், கடைசியில் நாலு லிட்டருக்கும் குறைவு. வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். முதல் தெரு வீட்டுக்கு அது கால் மணி நேரத்துக்குள் கிடைத்துவிடும், கடைசித் தெரு வீட்டுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டு தெருவுக்கும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் திறந்தால் ஒரு பக்கம் தண்ணீர் சாக்கடையில் ஓடும், இன்னொரு பக்கம் குடம் வரிசையில் நிற்கும். ஊருக்கே தண்ணீர் பற்றவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். புது போர் போட்டாலும் அந்தத் தண்ணீரும் முதல் தெருவுக்குத்தான் போகும்.

அங்கே தேவைப்படுவது ஒருவேளை இடையில் ஒரு கேட் வால்வும், திறக்கும் நேரத்தில் மாற்றமும்தான். அல்லது உண்மையிலேயே ஊற்று குறைந்திருக்கலாம். 2,400 பேர் உள்ள ஊருக்கு நாளொன்றுக்கு 1,32,000 லிட்டர் வேண்டும். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, தொட்டி எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். எதுவானாலும் பொறியியல் மாணவர்களால் நிச்சயம் செய்யக்கூடிய வேலை. அவர்களுக்கும் நல்ல பாடம்.

கடைசித் தெரு என்று நான் சொல்வது பல ஊர்களில் எந்தத் தெரு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆதிதிராவிடர் குடியிருப்பு குழாயின் கடைசியில் இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்தத் தெருப் பெண்கள் கிராம சபையில் எழுந்து “எங்களுக்குத் தண்ணி வரலை” என்றால் “எல்லாருக்கும் அப்படித்தான்” என்று உட்கார வைத்துவிடுவார்கள். 50 வினாடி, 4 நிமிடம் என்று ஊரே பார்த்து எடுத்த அளவு கையில் இருந்தால் அப்படி உட்கார வைக்க முடியாது. ஊராட்சி ஆய்வு என்றால் எனக்கு இதுதான் முக்கியம்.

தரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்திலேயே உண்டு. உங்கள் ஊரில் அவர்கள் யார், பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாணவர்கள் தனியாகச் சோதிக்காமல் அந்தப் பெண்களோடு சேர்ந்து செய்தால், கல்லூரி போன பிறகும் வேலை நிற்காது. இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரமே இல்லையென்றால் 2,000 வரை. ஃபுளோரைடு 1 மில்லிகிராம், அதிகம் போனால் 1.5. குளோரின் கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். தொட்டியில் சோதித்துவிட்டுச் சரி என்று எழுதுவது போதாது.

இப்போது ஒரு முக்கியமான விஷயம், நாட்காட்டி. பல நல்ல ஆய்வுகள் வீணாவது இதனால்தான். கல்லூரியின் இரண்டாம் பருவம் ஏப்ரல் வாக்கில் முடிகிறது, மாணவர்கள் அப்போதுதான் அறிக்கை எழுதுவார்கள். ஊராட்சியில் வரும் ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தின் வேலை அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தொடங்குகிறது. ஏப்ரலில் வரும் அறிக்கையை யாரும் கவனிக்காவிட்டால் அக்டோபரில் அது எங்கே என்றே தெரியாது. ஜனவரியில் ஆரம்பித்து மார்ச்சுக்குள் அளவெடுத்து முடிக்கச் சொல்லுங்கள். மே 1 கிராம சபையில் மாணவர்களே வந்து படிக்கட்டும். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் மறுபடி பேசி முடிவு எடுங்கள். அக்டோபர் 2-இல் அது திட்டத்தில் ஏறிவிடும். ஊராட்சிகளுக்கு மத்திய அரசு தந்த 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும் என்று வைத்திருந்தார்கள், நினைவிருக்கும். அந்த மாதிரிப் பணம் வரும்போது எங்கே போடுவது என்பதற்கு உங்கள் கையில் அளவெடுத்த பதில் தயாராக இருக்க வேண்டும்.

ஊராட்சிக்குத் தரும் அறிக்கை நாலு பக்கம், தமிழில். வரைபடம் பெரிய தாளில் அச்சிட்டு அலுவலகச் சுவரில். கல்லூரிக்கு வேண்டிய நூறு பக்க ஆங்கில அறிக்கையை அவர்கள் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

பதில் 3: ஆய்வு மாணவர், பொருளியல்

ஆசிரியை சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். இந்த வருடமே பயன்படும் ஆய்வு மட்டும்தான் ஆய்வு என்று ஆகிவிடக் கூடாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் எழுதி வரச் சொன்னார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு அதில் ஒன்று. அதே ஊருக்கு 1930-களில் மறுபடி போனார்கள், அதன் பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், 2008 வரைக்கும். ஒரு ஊரில் நிலம் எப்படிக் கைமாறியது, கூலி எப்படி மாறியது என்று கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு நம்மால் சொல்ல முடிகிறது என்றால், முதலில் எழுதியவர்கள் ஒழுங்காக எழுதி வைத்ததுதான் காரணம். காந்தியப் பொருளியலாளர், நம் ஜே.சி. குமரப்பாவும் 1929-30-இல் குஜராத் வித்யாபீட மாணவர்களை வைத்து கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். விவசாயியின் வரவு செலவைக் கணக்கில் காட்டி, நிலவரி அவன் தாங்கும் அளவில் இல்லை என்று சொன்ன வேலை அது. அதுவும் மாணவர்கள் எடுத்த கணக்குதான்.

அதனால் தலைவர் ஒரு நிபந்தனை கூடுதலாக வைக்க வேண்டும். கணக்கெடுப்பின் தொகுப்பு அட்டவணைகள் ஊராட்சியிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும், ஐந்து வருடம் கழித்து வருபவர் எடுத்துப் பார்க்கும்படி. பீரோவில் ஒரு தாள் இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வீடுகள் சொன்ன பதில்கள் எங்கேயோ ஒரு கல்லூரியில் கிடக்கின்றன, அல்லது எடைக்குப் போய்விட்டன.

ஆனால் வீட்டுவாரியான படிவங்களை ஊராட்சி வாங்க வேண்டாம். எந்த வீட்டுக்கு எவ்வளவு கடன், யார் குடிக்கிறார்கள் என்பது உள்ளூர் அலுவலகத்தில் இருக்கவே கூடாத விவரம். ஆதார் எண் கேட்க அனுமதிக்காதீர்கள், பெயருக்குப் பதில் வீட்டுக்கு ஓர் எண் போதும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது, பேராசிரியர்களிடம் அதைச் சொல்லிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். “சொல்ல விருப்பமில்லை” என்பதையும் ஒரு பதிலாக மாணவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஒரே துறையோடு நிற்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஒரிகன் பல்கலைக்கழகம் 2009 முதல் ஒரு முறையைக் கையாள்கிறது. ஒரு கல்வியாண்டுக்கு ஒரு உள்ளாட்சி, அதன் கேள்விகளைப் பல துறை வகுப்புகளும் பாடவேலையாகவே எடுத்துச் செய்யும். தனியாகத் திட்டம் போட வேண்டாம், எப்படியும் மாணவர்கள் செய்யவேண்டிய வகுப்புவேலைதான் ஊருக்குப் போகிறது. உங்கள் கல்லூரியிலும் குடிநீர் கட்டடப் பொறியியல் துறைக்கு, மோட்டாரின் மின்கட்டணம் மின்னியல் துறைக்கு என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற பொறியாளர்

நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர் அறிக்கைக்கும் வேலை நடப்பதற்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. மதிப்பீடும் தொழில்நுட்ப ஒப்புதலும்தான் அது. வால்வு வேண்டும் என்று அறிக்கை சொல்லிவிடும். குழாயின் விட்டம், தோண்டும் நீளம், விலைப்பட்டியல்படி தொகை என்று எழுதி ஒன்றியப் பொறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை ஆரம்பிக்கும். மூன்றாம் வருட மாணவரால் அது முடியாது, முடியவும் வேண்டியதில்லை.

கேரளத்தில் இதைச் சமாளித்த விதம் பார்க்கத் தகுந்தது. 1996 ஆகஸ்டில் அங்கே மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்தார்கள். ஊருக்கு ஊர் திட்டங்கள் குவிந்துவிட்டன. அவற்றைச் சரிபார்க்க அரசுப் பொறியாளர்கள் போதவில்லை. அப்போது ஓய்வுபெற்ற பொறியாளர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்களைத் திரட்டித் தன்னார்வத் தொழில்நுட்பக் குழு ஒன்று அமைத்தார்கள். திட்டங்களை அவர்கள் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார்கள். இதற்கும் முன்பே கண்ணூர் மாவட்டம் கல்யாசேரியில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கமும் ஆய்வாளர்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து நிலம், நீர் எல்லாவற்றையும் வரைபடமாக்கிப் பார்த்திருந்தார்கள். திருச்சூருக்குப் பக்கத்தில் 1990-இல் ஆரம்பித்த கிலா நிறுவனம் இன்றைக்கும் உள்ளாட்சிக்காரர்களுக்குப் பயிற்சி தருகிறது. நம் பக்கம் மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது, திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கேட்டால் வழி காட்டுவார்கள்.

உங்கள் ஊரிலேயே என்னைப் போல ஓய்வுபெற்றுத் திரும்பியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். மின்வாரியம், குடிநீர் வாரியம், நெடுஞ்சாலை என்று ஏதோ ஒரு துறையில் முப்பது வருடம் மதிப்பீடு எழுதியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரை மாணவர்களோடு சேர்த்துவிடுங்கள். ஒன்றியப் பொறியாளரையும் ஆரம்பத்திலேயே ஒரு நாள் கூப்பிட்டு அளவெடுப்பதைக் காட்டுங்கள். தனக்குத் தெரியாமல் நடந்த ஆய்வில் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் தயங்குவார், அது இயல்பு. கூடவே, ஊரை மேலிருந்து பார்க்கும் வரைபடம் வேண்டுமானால் இஸ்ரோவின் புவன் தளத்தில் ஊராட்சிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு, மாணவர்கள் அதில் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் மிகவும் நன்றி. கம்ப்யூட்டர் கேட்கப் போவதில்லை. மன்றக் கூட்டத்துக்குப் பொருள் எழுதிவிட்டேன், துணைத் தலைவரிடமும் பேசினேன். டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் வரைபட விஷயத்தைச் சொன்னதும், பழைய சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் மண்ணில் மூடிப்போன வால்வு ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து எத்தனையோ காலம் ஆகிறது என்றார். எங்கள் மன்றத்தில் யாருக்கும் அது தெரியாது.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது டீச்சர். எங்கள் ஊரிலும் நீங்கள் சொன்ன மாதிரிதான், தொட்டிப் பக்கத்துத் தெருக்களுக்கு நன்றாக வருகிறது. அளவெடுத்து அதைக் கிராம சபையில் படித்தால் அந்தத் தெருக்காரர்கள் “எங்கள் தண்ணீரைக் குறைக்கத்தான் கல்லூரியைக் கூட்டி வந்தாயா?” என்று என்மேல் பாய்வார்கள். மன்றத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான். பிள்ளைகளுக்கும் சங்கடம். இதை எப்படிக் கையாள்வது?

பதில்: களப்பணி ஆசிரியை

இது வரும், வராது என்று சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் அளவை மாணவர்கள் மட்டும் எடுக்கக் கூடாது. தொட்டிப் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள், கடைசித் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து, இரண்டு தெருவிலும் நால்வரும் உட்கார்ந்து குடம் நிறைவதைப் பார்க்கட்டும். அந்தத் தாளில் நால்வரும் கையெழுத்துப் போடட்டும். முதல் தெருப் பெண் ஒருவர் கடைசித் தெருக் குழாயடியில் நாலு நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டால், கிராம சபையில் நீங்கள் தனியாகப் பேச வேண்டியிருக்காது. உங்கள் மகளிர் குழுப் பழக்கம் இதற்கு உதவும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

மே 1 கூட்டத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். “ஒரு மாதம் நேரத்தை மாற்றித் திறந்து பார்க்கிறோம், பிடிக்காவிட்டால் பழையபடி” என்று மட்டும் தீர்மானம் போடுங்கள். முதல் தெருவில் நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர் குறையாமல் வரும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். அவர்களுக்குக் குறைக்கப் போவதில்லை, சாக்கடையில் போவதைத்தான் திருப்புகிறோம் என்று அப்போதுதான் நம்புவார்கள். அந்த மாதம் முழுக்க அதே நாலு பெண்கள் வாரம் ஒரு முறை குடம் வைத்துப் பார்க்கட்டும். ஒப்பந்தத்தில் இந்தச் சோதனை மாதத்துக்கும் இரண்டு மாணவர்கள் வர வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள், கோடை விடுமுறை என்பதால் முன்கூட்டியே சொன்னால்தான் ஏற்பாடு செய்வார்கள்.

அந்த மூடிப்போன வால்வை மட்டும் யாரும் இப்போதே திறந்து பார்க்க வேண்டாம். பழைய குழாய் அழுத்தம் தாங்காமல் உடையலாம். ஒன்றியப் பொறியாளர் வரும் நாளில் ஆபரேட்டர் முன்னிலையில் தோண்டுங்கள்.